கொசு கொடுக்காத வீக்கம்

என் அக்கா மகள் பிறந்த அன்றே அவளுடைய இடது பாதம் வலது பாதத்தைவிடப் பெரிதாக இருந்தது. மேல்பாதம் உப்பி, விரல்கள் சின்னச் சின்ன உருண்டைகளாக, நகங்கள் மேல்நோக்கி வளைந்து நின்றன. கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர். பார்க்க வந்த பெரியம்மா ஒருவர் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வயித்துல இருக்கறப்ப கிரகணத்தன்னிக்கு வெளியில வந்தியாடி?" என்று அக்காவைக் கேட்டார். பிரசவமாகி இரண்டு நாள்கூட ஆகாத பெண்ணிடம் கேட்ட கேள்வி அது. 11 ஆண்டுகள் ஆகியும் அக்கா அதை மறக்கவில்லை.

குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது வீக்கம் முழங்கால்வரை ஏறியிருந்தது. முதலில் காட்டிய இடத்தில் 'யானைக்கால்' என்றார்கள். இரவு பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் உலவும் என்பதால் அந்த நேரம். ரத்தத்தில் புழு இல்லை. இருந்தும், "எதற்கும் இருக்கட்டும்" என்று யானைக்காலுக்கான டி.இ.சி. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் நீர் பிரிய மாத்திரை. மூன்றாவது இடத்தில், வளர வளரச் சரியாகிவிடும் என்று ஆறுதல். ஊரில் மந்திரித்துக் கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். வீங்கிய காலில் அது தடம் பதித்து, தடத்துக்கு மேலே தோல் இன்னும் உப்பியது.

சரியான பெயர் கிடைத்தபோது அவளுக்கு நான்கு வயது. வேறொரு ஊரில், வேறு எதற்காகவோ பார்க்கப்போன தோல் மருத்துவர் ஒருவர் அவள் காலைக் கவனித்தார். இரண்டாவது விரலின் அடியில் மேல்தோலைக் கிள்ளித் தூக்கப் பார்த்தார். தோல் மடிப்பாக எழும்பவில்லை, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. இது பிறவி லிம்பெடிமா, நிணநீர்க் குழாய்களில் பிறப்பிலேயே உள்ள குறை, கொசுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அவர் கிள்ளிப் பார்த்தது, ஸ்டெம்மர் என்ற மருத்துவர் 1976-இல் சொன்ன சோதனை. இரண்டு விரல் போதும், கருவி வேண்டாம், செலவு இல்லை. நான்கு ஆண்டுகளாக அந்த இரண்டு விரலால் அவள் காலைக் கிள்ளிப் பார்க்க ஆள் இல்லாமல் போனது.

இதில் யாரையும் தனியாகக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. நம் ஊரில் வீங்கிய காலுக்கு ஒரே பெயர்தான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக யானைக்காலைப் பார்த்த மண் இது. ஆனால் அந்த ஒரே பெயர் பிறவியிலேயே கால் வீங்கிய குழந்தைகளை மறைத்துவிடுகிறது. கொசு மூலம் உள்ளே போகும் புழு வளர்ந்து, குழாய்களைக் கெடுத்து, கால் வெளிப்படையாக வீங்கப் பொதுவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். பிறக்கும்போதே வீங்கியிருக்கும் பாதம் யானைக்காலாக இருக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ள மருத்துவப் படிப்பு தேவையில்லை. கொசு கடிக்க நேரம் ஏது என்று யோசித்தாலே போதும்.

நிணநீர் என்ற சொல்லைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். பேச்சில் அதை நாம் அறிந்திருப்பது 'நெறி கட்டுதல்' என்பதால்தான். காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் உருண்டை கட்டி வலிக்குமே, அந்த நெறி நிணநீர்ப் பாதையில் உள்ள ஒரு காவல் சாவடி. ரத்தம் தமனி வழியாக வந்து சிரை வழியாகத் திரும்பும்போது, கொஞ்சம் நீரும் புரதமும் திசுக்களிலேயே தங்கிவிடும். அப்படித் தங்குவது நாளொன்றுக்குச் சில லிட்டர். அதை வாரி எடுத்து மறுபடி ரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். இவற்றுக்கு இதயம் போல ஒரு பம்பு கிடையாது. குழாய்ச் சுவர்களின் சுருக்கமும், உள்ளே ஒருவழிக் கதவுகளாக இருக்கும் வால்வுகளும், நாம் நடப்பதும் மூச்சு விடுவதும் சேர்ந்துதான் அந்த நீரை மேலே தள்ளுகின்றன. குடலில் இருந்து கொழுப்பை ஏற்றிச் செல்வதும் இதே குழாய்கள்தான். 1622-இல் இத்தாலிய உடற்கூறியலாளர் காஸ்பாரே அசெல்லி, அப்போதுதான் தீனி தின்றிருந்த நாயின் வயிற்றைத் திறந்தபோது பால் வெள்ளையில் இழை இழையாக இவற்றைக் கண்டார். நிணம் என்றால் தமிழில் கொழுப்பு. இந்தத் திரவத்துக்கு நிணநீர் என்று பெயர் வைத்தவர் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்.

இந்தக் குழாய்கள் கருவின் ஆறாம், ஏழாம் வாரங்களில் சிரைகளிலிருந்து கிளைத்து உருவாகத் தொடங்குகின்றன. அந்த வேலையில் எங்காவது பிசகினால் குறை பிறவியோடு வருகிறது. சிலருக்குக் குழாய்களே குறைவு. சிலருக்குக் குழாய் உண்டு, அது நீரை உறிஞ்சாது. சிலருக்கு வால்வு மூடாது, மேலே ஏறிய நீர் திரும்பக் கீழே இறங்கும். வேறு சிலருக்கு ஓரிடத்தில் குழாய்கள் பைபையாகத் திரண்டு கட்டியாகிவிடும்.

1892-இல் அமெரிக்காவின் ஒமாகா நகரில் மருத்துவராக இருந்த வில்லியம் மில்ராய் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். ஆறு தலைமுறைகளில் 97 பேர்; அவர்களில் 22 பேருக்குப் பிறவியிலேயே காலில் வீக்கம். கொசுவின் உடலில் யானைக்கால் புழு வளர்வதை மருத்துவர் பாட்ரிக் மேன்சன் சீனாவில் கண்டது 1877-இல். அதற்குப் பதினைந்தே ஆண்டுகளில், புழுவே இல்லாமலும் கால் வீங்கும், அது குடும்பத்தில் இறங்கும் என்பது பதிவாகிவிட்டது. இன்று அந்த நோய்க்கு மில்ராய் பெயர்தான். 2000-ஆம் ஆண்டில் அதன் வேர் தெரிந்தது. நிணநீர்க் குழாய் வளரச் சொல்லும் ஒரு புரதச் செய்தி இருக்கிறது. அதைக் கேட்கும் செவியாகச் செல்லின் மேல் இன்னொரு புரதம் இருக்கிறது. எஃப்.எல்.டி.4 என்ற மரபணுவில் பிழை ஏற்பட்டால் அந்தச் செவி மந்தமாகிவிடுகிறது. பின்லாந்தின் ஹெல்சின்கியில் காரி அலிட்டாலோவின் ஆய்வுக்கூடத்துக்கு இந்தக் கண்டுபிடிப்பில் பெரிய பங்கு உண்டு.

பெற்றோரில் ஒருவரிடம் இந்தப் பிழை இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு. பிழை இருந்தும் வீக்கமே தெரியாதவர்களும் உண்டு. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் குழந்தைக்கு எந்தக் குறை வந்தாலும் "சொந்தத்துல கட்டினதால வந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். மில்ராய் நோய்க்கு அது காரணமே இல்லை. உறவுத் திருமணத்தால் வாய்ப்பு கூடும் நிணநீர்க் குறைகளும் உண்டுதான். கைகால் வீக்கத்தோடு குடலிலும் நிணநீர் கசியும் ஹென்னெகாம் நோய் அப்படிப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் அது வரும். எது எதனால் வந்தது என்று சொல்ல மரபணு ஆலோசனை தெரிந்தவர் வேண்டும். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. என் அக்கா மகளைப் போல, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல், சோதனையில் எந்த மரபணுப் பிழையும் அகப்படாமல் இருக்கும் குழந்தைகளும் நிறைய.

பிறவிக் குறை என்றாலும் எல்லோருக்கும் பிறந்த அன்றே தெரியாது. பெண்பிள்ளை பெரியவளாகும் வயதில்தான் பலருக்குக் கணுக்கால் உப்பத் தொடங்குகிறது. கருவில் நேர்ந்த பிசகு பதின்மூன்று, பதினான்கு வயதில் வெளியே வருகிறது. அந்த வயதில் ஒரு பெண் முதலில் செய்வது காலை மறைப்பது. நீளப் பாவாடை, பிறகு புடவை. மருத்துவரிடம் காட்டுவது கடைசி. ஃபாக்ஸ்.சி.2 என்ற மரபணுவில் பிழை உள்ளவர்களுக்குக் கால் வீக்கத்தோடு கண்ணிமையின் உள்விளிம்பில் இன்னொரு வரிசை மயிர் முளைத்திருக்கும். "கண் உறுத்துது" என்று கண் மருத்துவரிடமும், "கால் வீங்குது" என்று வேறொருவரிடமும் போய்க்கொண்டிருப்பார்கள். இரண்டும் ஒரே நோய் என்று சொல்ல, வீங்கிய காலைப் பார்க்கும் மருத்துவர் ஒருமுறை இமையையும் தூக்கிப் பார்த்தாக வேண்டும். பெண் குழந்தை புறங்கையும் மேல்பாதமும் வீங்கிப் பிறந்தால் டர்னர் எனும் குரோமோசோம் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது தெரிந்தால் இதயத்தையும் சோதிக்கச் சொல்வார்கள். ஒரு வீக்கம் இத்தனையும் சொல்லும்.

கழுத்தில் வரும் நீர்ப்பைக் கட்டி இன்னொரு வகை. பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தெரிந்துவிடும். கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில் பிடரியில் நீர் அளவைப் பார்ப்பதும் இதோடு உறவுள்ளதுதான். முன்பெல்லாம் கட்டியை வெட்டி எடுப்பார்கள். நரம்புகளுக்கு நடுவே பின்னிக் கிடப்பதால் முழுதாக வராது, திரும்ப வளரும். இன்று பைக்குள் ஊசி வழியாக மருந்து செலுத்திச் சுருங்கவைக்கிறார்கள். மூச்சுக்குழாயை நெரிக்கும் பெரிய கட்டிகளுக்கு சிரோலிமஸ் மாத்திரை பலன் தருகிறது. ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்து, உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்காகப் பயன்படுத்திவந்த மருந்து அது. 2019-இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனைக் குழுவினர், நிணநீர்ப் பாதைகள் தாறுமாறாகப் பெருகியிருந்த 12 வயதுப் பையனுக்கு மரபணுப் பிழையைக் கண்டறிந்து, அதற்கேற்ற மருந்தைக் கொடுத்தார்கள். அவன் உடலில் குழாய்கள் மறுபடி ஒழுங்காக அமைந்தன. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் காலில் வீக்கத்தோடு இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு மருந்து இன்னும் வரவில்லை. அவர்களுக்கு இருப்பது துணி, தண்ணீர், கை.

அக்கா வீட்டில் இரவு எட்டரை மணிக்கு நடப்பதைச் சொல்கிறேன். முதலில் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். விரலிடுக்கு ஒவ்வொன்றையும் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கிறாள். அங்கே ஈரம் நின்றால் பூஞ்சை, பூஞ்சை வந்தால் வெடிப்பு, வெடிப்பு வழியாகக் கிருமி. ஒருமுறை அப்படி நேர்ந்து, சாயங்காலம் விளையாடிக்கொண்டிருந்தவள் ராத்திரி குளிரில் பல் கிட்டிக் காய்ச்சலில் துவண்டாள். மறுநாள் கால் செக்கச் சிவந்து நெருப்பாகச் சுட்டது. ஒவ்வொரு காய்ச்சலும் மீதமுள்ள நல்ல குழாய்களையும் கெடுக்கும் என்பதால் அந்த இடுக்குகளில்தான் அக்காவின் உயிர் இருக்கிறது. பிறகு தோல் வறளாமல் பூசுகிறாள். பிறகு கையால் தடவிவிடுகிறாள். இது எண்ணெய் போட்டு உருவிவிடுவது அல்ல. அழுத்தி உருவினால் கெடுதல். பூனைக்குட்டியைத் தடவும் அழுத்தம்தான். தோலை மட்டும் நகர்த்தி, நல்ல குழாய்கள் இருக்கும் பக்கமாக நீரை ஒதுக்குகிறாள். 1930-களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் வகுத்த முறை அது.

கடைசியில் கட்டு. விரல் ஒவ்வொன்றுக்கும் நாடா போன்ற மெல்லிய துணிச்சுருள். பாதத்துக்குப் பஞ்சு, பள்ளமான இடங்களில் நுரைத் துண்டு. அதற்கு மேல், அதிகம் இழுபடாத கட்டுத்துணி கணுக்காலில் இறுக்கமாகத் தொடங்கி, மேலே போகப் போகத் தளர்ந்துவரும். மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் கிரேப் பேண்டேஜ் இதற்கு உதவாது. அது ரப்பர் மாதிரி இழுபடும். நடக்கும்போது தசையை எதிர்த்து நிற்காது. கட்டோடு நடந்தால்தான் தசை உள்ளிருந்தும் துணி வெளியிலிருந்தும் அழுத்தி நீர் மேலேறும். வீக்கம் வடிந்ததும் அளவெடுத்துத் தைத்த அழுத்தக் காலுறை. ஆறு மாதத்தில் அதன் பிடிப்பு தளர்ந்துவிடும். வளரும் பிள்ளைக்கு அதற்கும் முன்பே சின்னதாகிவிடும். ஆயுள் முழுக்க வாங்க வேண்டிய காலுறை அது.

நீர் பிரிய மாத்திரை ஏன் பயன்படவில்லை என்பது அக்காவுக்கு இப்போது தெரியும். அது தண்ணீரைத்தான் வெளியேற்றும். திசுவில் தேங்கிய புரதம் அங்கேயே கிடந்து மறுபடி நீரை இழுத்துக்கொள்ளும். நுண்குழாய்களைச் சிரையோடு இணைக்கும் அறுவை சிகிச்சை சிலருக்குக் கைகொடுக்கிறது. அதற்குப் பிறகும் பலருக்குக் கட்டும் காலுறையும் தேவைப்படும்.

அக்கா இதை எங்கே கற்றாள் என்பதுதான் நான் எழுத வந்ததற்குக் காரணம். பக்கத்தில் எங்கும் கற்கவில்லை. கற்றுத்தர ஆள் இல்லை. இரண்டு பேருந்து மாறிப் போய், சம்பளத்தை விட்டுவிட்டு, மூன்று வாரம் தங்கிக் கற்றாள். கற்றுத்தரும் இடங்கள் இல்லாமல் இல்லை. கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள பயன்முறைத் தோலியல் நிறுவனம் ஆயுர்வேதம், யோகா, நவீன மருத்துவம் மூன்றையும் சேர்த்து வீங்கிய கால்களுக்குச் சிகிச்சை தந்து, வீட்டாருக்கும் பழக்கிவிடுகிறது. ஒரு சிறு நகரத்தில் முடிந்தது நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஏன் முடியவில்லை? பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பழகிய கையுள்ள ஒரு செவிலியர் அல்லது பிசியோதெரபிஸ்ட், ஒரு கட்டில், கட்டுத்துணி. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கித் தவிக்கும் பெண்களுக்கும் இதே கைகள்தான் தேவை.

தேசிய சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. பிறப்பு முதல் 18 வயதுவரை 30 வகைக் குறைகளைத் தேடிக் கண்டறிவது அதன் வேலை. வளைபாதம், பிளவுண்ட உதடு, பிறவிக் கண்புரை, இதயக் குறை என்று பிறவிக் குறைகள் ஒன்பது அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல திட்டம், எத்தனையோ பிள்ளைகளின் பாதத்தை நேராக்கியிருக்கிறது. பிறந்த குழந்தையின் பாதம் வளைந்திருக்கிறதா என்று ஏற்கெனவே பார்க்கிறார்கள். வீங்கியிருக்கிறதா என்று அதே பார்வையில் பார்ப்பதற்கு ஒரு வரி சேர்த்தால் போதும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் லிம்பெடிமா என்ற பெயர் தனியாக இல்லை. யானைக்கால் நோயாளிகளுக்குத் தமிழக அரசு மாத உதவித்தொகை தருகிறது. காலைக் கழுவ வாளி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பெட்டியும் தருகிறார்கள். அது அவர்களுக்குக் கட்டாயம் வேண்டியது. அதே பெட்டி, அதே பராமரிப்பு வேண்டிய இந்தக் குழந்தை கேட்டால், உனக்குப் புழு இல்லையே என்பார்கள். யானைக்கால் என்று தவறாகச் சொல்லிக் காலத்தை வீணாக்கியவர்களின் ஊரில் இது எப்படிப்பட்ட பதில்!

அமெரிக்காவில் ஹெதர் ஃபெர்குசன் என்ற தாய்க்குப் பிறவி லிம்பெடிமாவோடு ஒரு மகன். அழுத்தக் காலுறைகளைக் காப்பீடு ஏற்காததைக் கண்டு அவர் சட்டம் கேட்டுப் புறப்பட்டார். மசோதா முதன்முதலில் 2010-இல் நாடாளுமன்றத்துக்குப் போனது. நிறைவேறியது 2022 டிசம்பரில். 2024 ஜனவரி 1 முதல் அங்கே மெடிகேர் காப்பீடு பகலுக்கான அழுத்த உறைகளை ஆறு மாதத்துக்கு மூன்று என்ற கணக்கில் ஏற்கிறது. ஒரு காலுறைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதைச் சேர்க்க அத்தனை ஆண்டுகள் ஆகக் கூடாது.

இன்னொரு கவலையும் உண்டு. யானைக்காலை 2027-க்குள் ஒழிப்பது என்பது இந்தியாவின் இலக்கு. இலங்கை 2016-லேயே அந்தச் சான்றிதழைப் பெற்றுவிட்டது. ஒழியட்டும், ஒழிய வேண்டும். ஆனால் ஒழிந்ததும், 1955 முதல் நாடு கட்டி வளர்த்த யானைக்கால் தடுப்புப் பிரிவுகளை மூடிவிட்டு ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வீங்கிய காலைக் கழுவவும் புண்ணை ஆற்றவும் நம் அரசுத் துறைகளில் கை பழகியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குக் கட்டுப்போடவும் கற்றுக்கொடுத்து, அந்தப் பிரிவுகளை எல்லா வகை லிம்பெடிமாவுக்குமான மையங்களாக மாற்றலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்தால், என் அக்கா போன்றவர்கள் இரண்டு பேருந்து மாற வேண்டியதில்லை.

அக்கா மகளின் பள்ளியில் விலையில்லாக் காலணி தரும்போது வலது கால் நுழையும், இடது கால் நுழையாது. இரண்டு அளவில் ஒரு ஜோடி கேட்டதற்கு அப்படிக் கொடுக்க விதி இல்லை என்றார்கள். ஒவ்வொரு ஜூனிலும் அக்கா இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து வைக்கிறாள். வெறுங்காலோடு நடக்கவே கூடாத பிள்ளைக்கு அரசு தரக்கூடிய மிகச் சிறிய உதவி, இரண்டு அளவில் ஒரு ஜோடிச் செருப்பு. போன மாதம் அவள் என்னிடம், "சித்தி, இது கொசு கடிச்சு வந்தது, ஒட்டிக்கும்னு பசங்க சொல்றாங்க" என்றாள். அவள் வகுப்பாசிரியர் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொன்னால் தீர்ந்துபோகும் விஷயம் இது.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு, பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பிறந்த குழந்தையின் பாதமோ புறங்கையோ உப்பியிருந்தால், வயதுக்கு வந்த பெண்ணின் கணுக்கால் சாயங்காலமானால் வீங்கினால், கயிறு கட்டாதீர்கள், உருவிவிடாதீர்கள், தாயைக் குறைசொல்லாதீர்கள். குழந்தை மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ கொண்டுபோய், இது லிம்பெடிமாவா என்று அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள்.